நின்ற கல் மூச்சு விட: புரொஜெக்ஷன் மேப்பிங்கில் உருவங்களை அசைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்கோட்டை அடுத்த ஒரு கிராமத்தில் நாங்கள் நான்கு பேர் மூன்று ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்து பார்த்து வருகிறோம். நான் பள்ளியில் ஓவியம் கற்பிக்கிறேன். ஒருவர் கல்யாண வீடியோ எடுப்பவர். மற்ற இருவரும் பாரதக் கூத்தில் வேஷம் கட்டுகிறவர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து கல்லூரி மாணவர்களும் திருவிழாக் குழுவினரும் ஜமா எனப்படும் கூத்துக் குழுக்களும் வந்து கேட்ட கேள்விகளையும், செய்து பார்த்ததிலிருந்து நாங்கள் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

திரையில் படம் காட்டுவதற்கும் புரொஜெக்ஷன் மேப்பிங்குக்கும் என்ன வேறுபாடு?

திரை தன்னை மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் காட்ட வேண்டும். இங்கே ஒளி விழும் பொருளே படத்தில் பாதி. ஒரு தூணையோ பானையோ புடைப்புச் சிற்பத்தின் நகலையோ எடுத்துக்கொண்டு, அதன் விளிம்புக்கும் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் பொருந்துமாறு வரைந்த படத்தை அதன் மேலேயே வீழ்த்துகிறோம். மூக்கின் மேல் மூக்கும் இமையின் மேல் இமையும் சரியாக உட்கார்ந்துவிட்டால், பார்ப்பவருடைய கண் ஒளியையும் பொருளையும் பிரித்துப் பார்ப்பதில்லை. பொருளே அசைந்ததாக எடுத்துக்கொள்கிறது. ஒரு விரற்கடை தவறினால் கல்லின் மேல் படம் ஓடுவது அப்பட்டமாகத் தெரிந்துவிடும்.

இது புதிய கண்டுபிடிப்பா?

இல்லை. கண்ணாடியில் வரைந்த படத்தை விளக்கொளியில் சுவரில் வீழ்த்தும் மாய விளக்கை 1659 வாக்கில் டச்சு அறிவியலாளர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் உருவாக்கினார். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸில் ராபர்ட்சன் என்பவர் அதைச் சக்கர வண்டியில் ஏற்றித் திரைக்குப் பின்னால் முன்னும் பின்னும் நகர்த்தி, ஆவியுருவங்கள் வளர்ந்து பார்வையாளர்மேல் பாய்வதுபோல் காட்டினார். 1969இல் கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் திறந்த பேய் மாளிகையில், பாடுகிறவர்களின் முகங்களைப் படமெடுத்து அசையாத மார்பளவுச் சிலைகளின் மேல் வீழ்த்தினார்கள்.

நான் மாணவர்களுக்கு மறக்காமல் சொல்வது 1980இல் மைக்கேல் நைமார்க் செய்த சோதனையை. ஒரு வரவேற்பறையின் நடுவில் சுழலும் கேமராவை வைத்து, அறையையும் அதில் நடமாடிய மனிதர்களையும் அவர் படமெடுத்தார். பிறகு மேசை, நாற்காலி உட்பட அறை முழுவதற்கும் வெள்ளைப் பெயின்ட் அடித்து, கேமரா இருந்த இடத்தில் அதே வேகத்தில் சுழலும் புரொஜெக்டரை வைத்து அந்தப் படத்தை அந்த அறையின்மீதே திருப்பி வீழ்த்தினார். நாற்காலி தன் நிறத்தைத் திரும்பப் பெற்று உண்மையான நாற்காலியாக நின்றது. நடமாடிய மனிதர்கள் மட்டும் ஆவிகளைப்போல மிதந்தார்கள். அந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் உருமாற்றத்தைப் பற்றிக் கீழே நான் சொல்வது எளிதில் விளங்கும். 2001இல், நாசிக்கில் பிறந்த ரமேஷ் ரஸ்கரும் அவருடைய சகாக்களும் வெள்ளையான தாஜ்மகால் மாதிரியின்மீது ஒன்றுக்கு மேற்பட்ட திசைகளிலிருந்து ஒளி வீழ்த்தி, அதன் நிறத்தையும் வெயிலையும் நிழலையும் கணினியிலிருந்தே மாற்றிக் காட்டினார்கள். இன்று நாம் பயன்படுத்தும் முறைகளில் பல அந்த ஆய்விலிருந்து கிளைத்தவை.

நீங்கள் ஏன் நடுகல்லை எடுத்துக்கொண்டீர்கள்?

நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் புளியமரத்தடியிலும் நடுகற்கள் நிற்கின்றன. தருமபுரி அருங்காட்சியகத்திலும் பல உள்ளன. ஆநிரை மீட்கப் போய் விழுந்த வீரன் ஒரு கையில் வில்லோ வாளோ ஏந்தி ஒரு காலை முன்வைத்து நிற்பான். உடலில் அம்புகள் தைத்திருக்கும். சில கற்களின் மேற்பகுதியில் வானுலகப் பெண்கள் அவனை அழைத்துச் செல்வார்கள். பாய்வதற்கு முன்பான ஒரு கணத்தைச் சிற்பி கல்லில் நிறுத்திவிட்டான் என்றே எனக்குத் தோன்றும். அடுத்த கணத்தை ஒளியால் காட்ட முடியுமா என்ற ஆசையில்தான் நாங்கள் இதில் இறங்கினோம்.

உண்மையான நடுகல்லின் மீதே ஒளி வீழ்த்தலாமா?

நாங்கள் வீழ்த்துவதில்லை. பாதுகாக்கப்பட்ட கல்லாக இருந்தால் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். அனுமதியைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. இங்கே பல நடுகற்கள் வேடியப்பனாக வழிபடப்படுகின்றன. எண்ணெயும் மஞ்சளும் பூசிப் பொங்கல் வைக்கிற சாமி அது. ஊராரின் சம்மதமில்லாமல் அவர்களுடைய சாமிக்குக் கண் சிமிட்ட வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

எனவே நகல் செய்துகொள்ளுங்கள். கைபேசியில் ஐம்பது அறுபது படங்களைச் சுற்றிலும் எடுத்து, மெஷ்ரூம் என்ற இலவச மென்பொருளில் முப்பரிமாண வடிவமாக்கிக்கொண்டு, அந்த அளவுப்படி தெர்மாகோல் பலகைகளை ஒட்டிச் செதுக்கினோம். மேலே மைதாப் பசையில் நனைத்த செய்தித்தாளை மூன்று அடுக்கு ஒட்டிக் காயவைத்து, பளபளப்பில்லாத வெளிர்சாம்பல் பெயின்ட் அடித்தோம். தெர்மாகோல் சட்டென்று தீப்பற்றும் என்பதால் பக்கத்தில் கற்பூரத் தட்டு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்தப் பரப்பில் ஒளி நன்றாக நிற்கும்?

சுண்ணாம்பு அடித்த சுவர் நல்லது. பாலிஷ் செய்த கருப்பு கிரானைட் எதற்கும் உதவாது; வந்த ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டு, மீதியை ஒரே திசையில் கண்ணாடிபோல் திருப்பிவிடும். காவி அடித்த சுவரில் நீலம் செத்துப்போகும்.

எத்தனை லூமன் புரொஜெக்டர் வேண்டும்?

லூமன் என்பது புரொஜெக்டர் வெளிவிடும் மொத்த ஒளியின் அளவு. அதை மட்டும் கேட்டால் விடை கிடைக்காது. அந்த ஒளி எவ்வளவு பரப்பில் விரிகிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். எங்கள் நகல் கல் ஒன்றரை மீட்டர் உயரமும் 90 சென்டிமீட்டர் அகலமும் உள்ளது. 3000 லூமனும் 1280க்கு 800 புள்ளிகளும் (பிக்சல்களும்) கொண்ட புரொஜெக்டரை வழக்கம்போல் படுக்கையாக வைத்தால், ஒன்றரை மீட்டர் உயரத்தை எட்டுவதற்குள் படம் 2.4 மீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடும். 3.6 சதுர மீட்டரில் பரவும்போது ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 830 லூமன், அதாவது 830 லக்ஸ், கிடைக்கும். கல்லுக்கு வெளியே விழும் பகுதி வீண். அதே புரொஜெக்டரைப் பக்கவாட்டில் திருப்பிச் செங்குத்தாக நிறுத்தினால் படம் ஒன்றரை மீட்டர் உயரம், 94 சென்டிமீட்டர் அகலம் என்று கல்லின் அளவுக்கே சுருங்கி, 2100 லக்ஸுக்கு மேல் கிடைக்கும். உயரத்தில் 800 புள்ளிக்குப் பதிலாக 1280 புள்ளிகள் விழுவதால் இமையும் மீசையும் கூர்மையாகும். செலவே இல்லாமல் இரண்டரை மடங்கு வெளிச்சம் என்பதால் இதை வற்புறுத்திச் சொல்கிறேன். சில பல்பு வகைப் புரொஜெக்டர்களை இப்படித் திருப்பக் கூடாது. கையேட்டைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

புரொஜெக்டரால் கருப்பை வீழ்த்த முடியாது என்பதும் நினைவிருக்கட்டும். கருப்பு என்பது ஒளி விழாத இடம். அங்கே தெருவிளக்கின் வெளிச்சம் விழுந்தால் அதுதான் உங்கள் கருப்பு. பௌர்ணமி நிலவால் கெடுதல் இல்லை, அது அரை லக்ஸைக்கூட எட்டாது. தெருவிளக்கோ பத்து இருபது லக்ஸ் தரும். ஊராட்சியில் சொல்லி அந்த ஒரு விளக்கை அரை மணி நேரம் அணைக்க முடிந்தால், இன்னொரு புரொஜெக்டர் வாடகைக்கு எடுப்பதைவிட அது மேல்.

படத்தைப் பொருளோடு எப்படிப் பொருத்துவது?

புரொஜெக்டர் என்பது தலைகீழான கேமரா. கேமரா ஒளியை உள்ளே வாங்கும் பாதையிலேயே இது ஒளியை வெளியே அனுப்புகிறது. தட்டையான சுவர் என்றால் நான்கு மூலைகளை இழுத்துச் சரிசெய்தால் போதும். வளைந்த பொருளுக்கு வலைபோன்ற கட்டங்களை ஒவ்வொரு முனையாக நகர்த்த வேண்டும்.

எங்களுக்கு மிகவும் கைகொடுத்தது அதைவிட எளிய வழி. இருட்டில் புரொஜெக்டரை அசையாமல் நிறுத்திவிட்டு, கிரிட்டா என்ற வரைகலை மென்பொருளைத் திரை முழுவதும் கருப்பாகத் திறந்துகொள்ளுங்கள். மடிக்கணினியின் திரையைப் பார்க்காதீர்கள், கல்லைப் பாருங்கள். சுண்டெலிக் குறி ஒரு வெள்ளைப் புள்ளியாகக் கல்லின்மேல் ஊர்வது தெரியும். அதைக்கொண்டு வீரனின் தோளிலிருந்து முழங்கை வழியாக வில்லின் நுனி வரை மெதுவாகக் கோடு இழுங்கள். கல்லின் விளிம்பில் ஒளிக்கோடு ஏறும்போது பாதி முன்னாலும் பாதி பின்சுவரிலும் உடைந்து விழும். அந்த உடைசல் மறையும் வரை கோட்டை உள்ளே தள்ளுங்கள். முடித்துவிட்டுக் கணினியில் பார்த்தால் படம் கோணலாகத்தான் இருக்கும். அந்தக் கோணல்தான் புரொஜெக்டரின் கண்ணுக்குத் தெரியும் கல். அதன் மேலேயே வரைந்து அசைத்தால் தனியாக எதையும் வளைத்துப் பொருத்த வேண்டியதில்லை.

ஒரே நிபந்தனை, புரொஜெக்டர் இம்மியும் நகரக் கூடாது. 3.6 மீட்டர் தொலைவில் ஒரு டிகிரி திரும்பினால் படம் ஆறு சென்டிமீட்டருக்கு மேல் விலகிவிடும். ஒருமுறை மேசையின் மேல் வைத்து எல்லாவற்றையும் பொருத்திய பிறகு, சாப்பாட்டுத் தூக்கை யாரோ அதே மேசையில் வைத்ததில் வீரனின் கண்கள் கன்னத்துக்கு இறங்கிவிட்டன. கூட்டம் வந்து உட்கார்ந்திருந்தது, மறுபடி பொருத்த நாற்பது நிமிடம் ஆயிற்று. அதன் பிறகு இரண்டு சவுக்குக் கம்புகளைத் தரையில் ஊன்றிக் குறுக்குச்சட்டம் கட்டி, அதில்தான் புரொஜெக்டரைப் பிணைக்கிறோம்.

உருவம் உயிரோடு இருப்பதாகத் தோன்ற எதை முதலில் அசைக்க வேண்டும்?

நிழலை. புரொஜெக்டர் நேர் எதிரே இருந்து ஒளி வீழ்த்துவதால், புடைப்புச் சிற்பத்தின் இயல்பான நிழல்கள் அழிந்து கல் தட்டையாகிவிடும். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் கல்லின் நகலை வைத்து, அதற்கு ஒரு பொய் விளக்கை இடப்பக்கத்திலிருந்து போட்டு, கிடைக்கும் நிழலைக் கல்லின்மேல் திரும்ப வீழ்த்துங்கள். கல்லுக்கு மேடும் பள்ளமும் திரும்பி வந்துவிடும். பிறகு அந்தப் பொய் விளக்கைப் பந்தம்போல் மெல்ல ஆட்டினால், ஓர் உறுப்பையும் அசைக்காமலேயே முகம் நம்மைக் கவனிப்பதாகத் தோன்றும்.

அதற்கடுத்தது மூச்சு. மனிதன் ஓய்வாக இருக்கும்போது ஒரு மூச்சுக்கு மூன்று முதல் ஐந்து வினாடி ஆகும். கல்லின் மார்பை உண்மையில் உயர்த்த முடியாது. ஆனால் மார்புக்குக் கீழே விழும் நிழலின் விளிம்பை மூன்று நான்கு புள்ளி அளவு மேலும் கீழும் நகர்த்தினால் போதும். கண் சிமிட்டல் மிகச் சிறிய வேலை: வினாடிக்கு 25 சட்டங்கள் (ஃபிரேம்கள்) என்றால் இமை மூட இரண்டு, மூடியிருக்க ஒன்று, திறக்க மூன்று. திறப்பதை மூடுவதைவிட மெதுவாக வைத்தால்தான் இயல்பாக இருக்கும்.

உருமாற்றம் ஏன் பெரும்பாலும் ‘படம் மாறியது’ போலத் தெரிகிறது?

எங்களிடம் வந்த கேள்விகளில் இதுவே மிக முக்கியமானது என்று கருதுகிறேன். ஓர் உருவம் மங்க மற்றோர் உருவம் தெளிவாகும் வகையில் ஒன்றின்மேல் ஒன்று கரைப்பதே எல்லோரும் முதலில் செய்வது. நாங்களும் அதைத்தான் செய்தோம்: தூண், பிறகு நரசிம்மம். கல்யாண ஆல்பத்தில் பக்கம் புரண்டதுபோல் இருந்தது. பார்த்தவர்கள் மரியாதைக்காகக் கை தட்டினார்கள்.

எங்கள் ஜமா நண்பர் இரணியன் வேஷம் கட்டுகிறவர். அவர்தான் தவறைக் கண்டுபிடித்தார். “தூண் எங்க போச்சு? தூணு தூணா இருந்தாத்தானே சாமி அதுலேருந்து வரும்” என்றார். அவர் சொன்னதை அப்படியே பின்பற்றினோம். தெர்மாகோல் தூணின் வலப்பக்கத்தில், தூக்கிவரும்போது உண்மையாகவே பெயர்ந்துபோன ஒரு சில்லு இருந்தது. விரிசலை அந்தச் சில்லிலிருந்து தொடங்கினோம். விரிசல் இரண்டு விரற்கடை ஓடி நின்றுவிடும். எதுவும் நடக்காது. மறுபடி கொஞ்சம் ஓடும். உள்ளிருந்து ஒரு நகம் விளிம்பைப் பற்றும். அந்த நேரம் முழுவதும் தூணின் அடிப்பீடமும் மேல்விளிம்பும் ஒரு புள்ளிகூட அசையாமல் நிற்கும். சிம்மமுகம் வெளிப்பட்ட பிறகும் அதன் பிடரியின் ஓரத்தில் தூணின் பட்டைக்கோடுகள் அப்படியே இருக்கும். மொத்தம் ஐம்பது வினாடி. அதில் நாற்பது வினாடி நகம் வரைக்கும். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

நைமார்க்கின் அறையில் நடந்ததும் இதுதான். ஒளிக்கு அடியில் அதே இடத்தில் பொருள் இருக்கும்போது கண் நம்புகிறது. பொருளை விட்டு விலகி ஒளி தனியே அலையும்போது ஆவியாகத் தெரிகிறது. ஆகவே உருமாற்றத்தைத் திட்டமிடும்போது எது மாறப்போகிறது என்பதற்கு முன்னால், எது கடைசி வரை மாறாமல் நிற்கப்போகிறது என்பதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மாற்றத்துக்கு ஒரு தொடக்கப் புள்ளியும் காரணமும் பொருளிலேயே இருக்கட்டும்.

நடுகல்லிலும் இதே வழியில்தான் போனோம். அதியமானின் நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிக் கள் படைத்ததை ஔவையார் பாடியிருக்கிறார். எனவே நகலின் உச்சியில் உண்மையான மயிற்பீலி ஒன்றைச் செருகினோம். காட்சி தொடங்கும்போது காற்றில் அந்தப் பீலி அசையும். பிறகு ஒளியால் வரைந்த அதன் நிழல் கல்லில் அசையும். அதன் பிறகுதான் வீரனின் நெற்றிமயிர் அசையும். உண்மை அசைவிலிருந்து பொய் அசைவுக்கு எந்த இடத்தில் தாண்டினோம் என்பது பார்த்தவர்களுக்குப் பிடிபடவில்லை.

ஆடுகிற நடிகர்மேல் வீழ்த்த முடியுமா?

முடியும், ஆனால் நம்மிடம் இருக்கும் கருவிகளோடு அல்ல. 2014இல் ஜப்பானின் நோபுமிச்சி அசாய் குழுவினர் ஒரு பெண்ணின் அசையும் முகத்தைக் கணினியால் பின்தொடர்ந்து, நிகழ்நேரத்தில் முகப்பூச்சை மாற்றிக் காட்டினார்கள். டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வினாடிக்கு ஆயிரம் சட்டங்கள் வீழ்த்தும் புரொஜெக்டரையே இதற்காக உருவாக்கினார்கள். சாதாரணக் கேமரா, மடிக்கணினி, புரொஜெக்டர் மூன்றும் சேர்ந்து பத்தில் ஒரு வினாடி தாமதித்தாலே, வினாடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் வீசும் கைக்கு முப்பது சென்டிமீட்டர் பின்னால்தான் ஒளி விழும். அடவு போடும் அர்ச்சுனனை அதால் துரத்த முடியாது.

கூத்து மரபிலேயே இதற்கு வழி இருக்கிறது. முக்கியப் பாத்திரம் அரங்குக்கு வரும்போது இருவர் ஒரு திரையைப் பிடித்து நிற்க, அதன் பின்னிருந்தே பாடி ஆடித் திரை விலக வெளிப்படும் அல்லவா? அந்தத் திரையை வெள்ளை வேட்டியாக்கி, பாத்திரத்தின் உருவத்தை அதில் வீழ்த்தி, பாட்டு முடியும் இடத்தில் ஒளி அணைய நடிகர் அதே நிலையில் வெளிப்படுமாறு செய்தோம். அர்ச்சுனன் பேடி வேஷத்துக்கு மாறும் கட்டத்துக்கு இது மிகப் பொருத்தமாக அமைந்தது. வேட்டி காற்றில் ஆடும் என்பதால் படத்தின் ஓரங்களைப் புகைபோல் மங்கலாக வைக்க வேண்டும்.

மரத்தாலான அணிகள் பூட்டிய கட்டை வேஷத்தின்மேல் நேரடியாக வீழ்த்தியபோது இரண்டு சிக்கல்கள் வந்தன. மார்புப் பதக்கத்திலும் புஜக்கட்டையிலும் பதித்த கண்ணாடிச் சில்லுகள் ஒளியைத் துண்டு துண்டாகச் சிதறடித்து, பந்தல் கூரை முழுவதும் நட்சத்திரமாக்கின. அது அழகாக இருந்ததால் அப்படியே வைத்துக்கொண்டோம். முகத்து அரிதாரம் எண்ணெய்ப் பசையால் மின்னி ஒளியை ஏற்கவில்லை; மேலே பவுடர் ஒற்றிய பிறகு சரியாயிற்று. நடிகரின் கண்கள் இருக்கும் இடத்தைப் படத்தில் எப்போதும் கருப்பாக விட்டுவிடுங்கள். லென்ஸை நேராகப் பார்க்க வேண்டாம் என்று ஒத்திகையிலேயே சொல்லிவிடுங்கள்.

படுகளத்தில் துரியோதனன் உருவத்தின்மேல் செய்யலாமா?

பாரதத்தின் முடிவில் துரியோதனன் வீழ்வதைக் காட்டும் படுகளம் பகலில் நடப்பது. உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை தரும். அதன்முன் எந்தப் புரொஜெக்டரும் நிற்காது. தவிர, பதினெட்டு நாள் பாரதம் கேட்ட ஊர் அந்த மண் உருவத்தைச் சுற்றி நிற்கும்போது அதற்கு வேறு உயிர் தேவைப்படுவதில்லை.

வெளியிடத்தில் செய்யும்போது எதற்குத் தயாராக இருக்க வேண்டும்?

மின்னழுத்தம் ஏறி இறங்கும். யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். ஆடிக் காற்றில் லேசான நகல் கற்கள் சாயும். அடியில் மணல் மூட்டை வையுங்கள். மழை பெய்த மறுநாள் ஈசல் கிளம்பும். லென்ஸில் உட்காரும் ஓர் ஈசல் கல்லின்மேல் மங்கலான பெரிய கறையாக விழும். சற்றுத் தள்ளி ஒரு விளக்கை எரியவிட்டால் பெரும்பாலானவை அங்கே போய்விடும்.

எந்த மென்பொருள்?

வரைவதற்கும் அசைப்பதற்கும் கிரிட்டாவும் பிளெண்டரும் இலவசமாகப் போதும். பொருத்தி ஓட்டுவதற்கு மேப்மேப் இலவசம். மேட்மேப்பர், ரெசொல்யூம் அரீனா ஆகியவை விலை கொடுத்து வாங்க வேண்டியவை. டச்டிசைனரின் வணிகமல்லாத பதிப்பு 1280க்கு 1280 புள்ளிகள் வரை இலவசமாகக் கிடைக்கும். எங்கள் புரொஜெக்டருக்கு அதுவே போதுமானது.

இன்றிரவே தொடங்க வேண்டுமென்றால் எதில் தொடங்கலாம்?

ஒரு மண்பானையில். வெளிப்புறம் சுண்ணாம்பு பூசிக் காயவைத்து, வீட்டுக் கூடத்தில் கவிழ்த்து வையுங்கள். பள்ளியிலோ வீடியோ எடுப்பவரிடமோ புரொஜெக்டரை ஓர் இரவுக்குக் கேட்டு வாங்குங்கள். பானையின் விளிம்பை ஒளிக்கோட்டால் வரையுங்கள். பானையில் எங்காவது குயவரின் விரல்பட்ட பள்ளமோ சூளையில் பட்ட கறுப்போ இருக்கும், அதை ஒரு கண்ணாக்குங்கள். அந்தக் கண்ணை முதல் ஒரு நிமிடம் மூடியே வைத்திருங்கள்.